பச்சை வண்டிக்கு நான் சொன்ன குறைகள்

போன ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டு வெயில் அடித்த நேரத்தில், திருப்புலிவனம் பக்கத்து விவசாயி ஒருவர் எரிந்துபோன கிணற்று மோட்டாரை மொபெட்டில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் முப்பது வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எரிந்த செப்புக் கம்பியைப் பிரித்தெடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்று எண்ணிக் கட்டி, வார்னிஷ் போட்டுக் காயவைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. நான் சுற்று எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் கத்துவேன். இது ஊருக்கே தெரியும், அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது.

"பெரிய வூட்டுப் பச்சை வண்டிய விக்கப் போறாங்களாமே, கேள்விப்பட்டியா?" என்றார்.

கையில் கம்பி நின்றது. எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோனது. அவரைத் திட்டவும் தோன்றவில்லை. கட்டியதை எல்லாம் பிரித்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன், அதுவும் பாதியில் விட்டுப்போனது. அன்றைக்குச் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டேன்.

பெரிய வீடு என்பது எங்கள் ஊரில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தின் வீடு. எங்கள் வீட்டுக்கு நிலமும் கிடையாது, நீச்சும் கிடையாது. அப்பா அந்த வீட்டு வயலில் கூலிக்குப் போனவர். நெல்லு மூட்டை ஏற்றப் போன இடத்தில் லாரிக்காரர்களோடு பழகி ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார். பெரிய வீட்டில் கார் வாங்கியபோது அவரையே டிரைவர் ஆக்கிவிட்டார்கள். வயலில் இருந்து காருக்கு வந்தார் என்றாலும் காரில் இருந்து இறங்கினால் மறுபடியும் வயல்தான். வண்டி வெளியே போகாத நாளில் மடை திருப்பிக்கொண்டிருப்பார்.

அந்த வண்டியின் பெயரைச் சொன்னால் இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. சீமையிலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டிய வண்டி. கரும்பச்சை நிறம். ஏறுவதற்கு இரண்டு பக்கமும் படி உண்டு. திரும்ப வேண்டும் என்றால் கதவுக்குப் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு கை மாதிரி வெளியே நீளும், அதுதான் அதற்கு இண்டிகேட்டர். காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் எழுந்திருக்கும். காஞ்சிபுரம் பக்கத்தில் இந்த மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்று அப்பா பெருமையடிப்பார், ஏதோ அவருடைய வண்டி மாதிரி.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வண்டிக்கு எத்தனை தடவை ஆயில் மாற்றினோம் என்று தெரிந்தாக வேண்டுமே. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற காவி நிற பிரைமர் ஒரு டப்பாவில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஆயில் மாற்றி முடித்ததும் அதில் ஒற்றை விரலைத் தொட்டு, பானட்டைத் தூக்கி, அதன் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார். அடுத்த தடவை அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு வரிசை முடிந்தால் கீழே அடுத்த வரிசை. சின்ன வயதில் ஓர் ஆயுத பூஜை அன்றைக்கு பானட் திறந்திருந்தபோது நான் பார்த்திருக்கிறேன். "இன்னா நைனா இது, வண்டிக்கு அம்மை போட்டா மாதிரி கீது?" என்று கேட்டதற்கு, "ஆயில் மாத்துனது. எனுக்கு மட்டும் தெரியும், நீ போய்ப் பொரி துன்னு" என்றார்.

அவர் இறந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு பட்டறையில் காயில் கட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். தகவல் வந்து பஸ் ஏறினால், செங்கல்பட்டு தாண்டி ரோட்டின் மேல் தண்ணீர் போகிறது என்று நிறுத்திவிட்டார்கள். மழையில் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பார்கள்? நான் ஊருக்குள் நுழைந்தபோது எல்லாரும் ஏரியில் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகம் பார்க்கவில்லை. கையைத் தொடவில்லை. ஒரு போட்டோ இருக்கிறது, லைசென்ஸ் புத்தகத்தில் ஒட்டியது. அதில் ஆபீஸ்காரர்கள் அடித்த முத்திரை மசி பாதி மூக்கை மறைத்துவிட்டது. மீதி மூக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

பொட்டுகள் இன்னும் இருக்குமா என்ற ஒரே கேள்வியோடு மறுநாள் காலை என் பைக்கை எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குக் கிளம்பினேன்.

அந்த வண்டியை வாங்கிய பெரியவர் போய் ரொம்ப காலம் ஆகிறது. வீட்டில் இருப்பது அவர் மகன். அறுபதைத் தொடப் போகிறார், பேரன் எடுத்துவிட்டார், இன்னும் ஊருக்கு அவர் 'சின்னவர்'தான். என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அதைக் கவனித்துக்கொண்டேன். அந்த வாசலில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வா வா. இன்னா இந்தப் பக்கம் காத்து அடிக்குது?"

"பக்கத்துல ஒரு மோட்டார் மாட்டிவுட வந்தேங்க. அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு."

முதல் பொய் அது. பக்கத்தில் எந்த மோட்டாரும் இல்லை.

"வண்டிய விக்கிறதா சொன்னாங்களே" என்றேன், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி.

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஷெட்டில் நின்றது அது. கூரையின் மேல் யூரியா மூட்டைச் சாக்கு. சக்கரம் நான்கும் தரையோடு அமுங்கிப்போயிருந்தன. பச்சை வெளுத்து அங்கங்கே சாம்பலாகி இருந்தாலும், அது வந்த நாளில் அடித்த அதே பச்சை. முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் எதையும் தொடவில்லை. டிரைவர் பக்கத்து ஜன்னல் விளிம்பில், முழங்கை வைத்து வைத்துப் பெயிண்ட் தேய்ந்து ஓர் இடம் பளபளவென்று இருந்தது. யாருடைய முழங்கை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சின்னவருக்கு யாரிடமிருந்தோ போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே நகர்ந்ததும் பானட்டைத் தூக்கினேன். துரு கிறீச்சென்று கத்தியது. உள்ளே எலி வைத்த வைக்கோல், ஒட்டடை. மேலே பார்த்தேன். அத்தனையும் இருந்தன.

வரிசை வரிசையாகக் காவிப் பொட்டுகள். மேல் வரிசைகள் நேராக இருந்தன. கீழே வரவரக் கோணல். கண் மங்கிய பிறகு வைத்தவையாக இருக்க வேண்டும். கைக்குட்டையால் ஒரு பொட்டின் மேல் இருந்த தூசியைத் துடைத்தேன். விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அப்பாவை வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேர் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கட்டைவிரலை அவர்களே பிடித்து மசியில் அழுத்தி, அவர்களே காகிதத்தில் உருட்டுவார்கள். இது அவராக வைத்தது. யாரும் பிடிக்காமல், தானே நீட்டிய விரல். நான் என் விரலை அதன்மேல் வைத்தேன். என் விரல் பொட்டை மூடிவிட்டது. அப்பாவின் விரல் என்னுடையதைவிடச் சின்னது என்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தெரிந்த அந்தக் கை எவ்வளவு பெரிய கை!

"இன்னாது அது, அங்க இன்னா பாக்கற?"

பின்னால் சின்னவர் நின்றார். திருடும்போது பிடிபட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பொருள் வேண்டுமென்றால் அதை முதலில் திட்டியாக வேண்டும். மாடு வாங்கப் போனால் கொம்பு கோணல் என்போம். மனை பார்க்கப் போனால் மூலை இழுக்கிறது என்போம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட காபியில் சர்க்கரை தூக்கல் என்று முணுமுணுத்துவிட்டுத்தான் தட்டு மாற்றுவோம். ஆசையைக் காட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. விற்கிறவரும் அதை நம்புவதில்லை, வாங்குகிறவரும் நம்புவதில்லை, ஆனாலும் அந்தக் கச்சேரி நடந்தாக வேண்டும். நானும் பாட ஆரம்பித்தேன்.

"டயர் நாலும் செத்துட்டுதுங்க. சீட்டுல கோழி முட்ட வுட்டுக்கினு கீது. தகரம் பூரா துரு. பெயிண்ட பாத்தா பெயிண்டாவா கீது? இதோ பாருங்க, பானட்டுக்குள்ள வேற எவனோ காவிய அப்பி வெச்சிக்கிறான். பாக்கவே நல்லா இல்ல. இத்த சொரண்டி எடுக்கறதே ஒரு பொழப்பு."

எவனோ. என் வாயிலிருந்துதான் வந்தது அந்த வார்த்தை. சொன்ன உடனே நாக்கு கசந்தது. ஆனால் சின்னவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை என்பதைப் பார்த்து நிம்மதியும் அடைந்தேன், அதையும் மறைக்கக் கூடாது.

"அது இன்னாதுன்னு எனுக்கே தெரியாதுப்பா. நான் எங்க இத்த தொறந்து பாத்தேன்" என்றார் அவர். அவர் குரல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நான் அதைப் பேரத்தில் எனக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டியில் எதையோ கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ஓடுமா?"

"ஓடாது."

"ஓடாத வண்டிய வெச்சிக்கினு இன்னாய்யா பண்ணப் போற? எங்க நிறுத்துவ, என் தலமேலயா?"

"கடைக்குப் பின்னால ஷெட்டு கீதுல்ல."

"மாடியில ஒரு ரூம் போடலாம்னு சேத்து வெச்சத தூக்கி அந்த வூட்டுல குடுக்கப் போறியா? அந்த வூட்டுக்குப் போயும் போயும் நாம குடுக்கணுமா?" என்று கரண்டியை நீட்டினாள். அப்புறம் சிரித்தாள். "எனுக்குத் தெரியும். பெரிய வூட்டு வண்டி நம்ம வூட்டு வாசல்ல நிக்கணும், ஊரே பாக்கணும். அதான உன் ஆச?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். பொட்டைப் பற்றிச் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லி, அவள் "அட, அதுக்கா?" என்று கேட்டுவிட்டால் என்னால் தாங்கியிருக்க முடியாது. வறட்டுப் பெருமைக்காரன் என்ற பெயர் எனக்குச் சுலபமாக இருந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அந்த வீட்டில் போய், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, பேரம் பேசி, பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்ற எண்ணம் என் உள்ளங்கையில் அரித்துக்கொண்டே இருந்தது.

வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் மனதுக்குள் இழுபறி. ரூம் போட்டால் மகள் பிள்ளைகளோடு வந்து தங்கலாம். வண்டி வாங்கினால் என்ன செய்யலாம்? யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் செய்ய முடியும். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போய், பானட்டைத் தூக்கி, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். வேறு எதற்கும் உதவாது. அவ்வளவுதான் என்று மனம் சொல்லும்போதே, அவ்வளவும் வேண்டும் என்று அதே மனம் அழும்.

கார்த்திகைக் கடைசியில் இரண்டாவது தடவை போனேன். சின்னவர் உற்சாகமாக இருந்தார்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் வந்துட்டுப் போனான்பா. பழைய வண்டியா வாங்கி வூடு பூரா நிறுத்தி வெச்சிக்கிறானாம். எவ்ளோ வேணா தரேன்றான். ஆனா ஒண்ணு சொன்னான் பாரு, சிரிப்புதான் வந்துச்சி. எதையும் தொடக் கூடாதாம். பெயிண்ட் அடிக்கக் கூடாதாம், கழுவக் கூடாதாம், தூசியக்கூட தொடைக்கக் கூடாதாம். அப்படியே வேணுமாம். கேட்டியா கதைய?"

அவர் சிரித்தார். என் மனதில் இருந்ததை அப்படியே ஒரு முன்பின் தெரியாத ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்து, "எனுக்கும் அப்படியேதாங்க வேணும்" என்று சொல்லியிருக்கலாம். ஆசை தெரிந்துவிடுமே. விலை ஏறிவிடுமே. ஏன் என்று கேட்பாரே.

"பைத்தியமா கீதுங்க அந்தாளு" என்றேன். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

"அவனுக்குக் குடுக்க மனசு இல்ல. உன் நைனா ஓட்டின வண்டி, உனுக்கே போவட்டும். ஆனா நீ அன்னிக்கி அடுக்கிக்கினே போனதுதான் ஒரு மாதிரியா கீது. எங்க வூட்டுலேர்ந்து ஒரு சாமான் போனா, வாங்கினவன் மூஞ்ச சுளிச்சிக்கினு போவக் கூடாதுப்பா."

"அதெல்லாம் சும்மா சொன்னதுங்க" என்று ஒரு வார்த்தை அப்போதாவது சொல்லியிருந்தால் போதும். குறை சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பேரம் என்ன பேரம்? வெற்றிலை பாக்கில் வைத்து அட்வான்ஸ் கொடுத்தேன். வண்டியை அன்றைக்கே இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் மார்கழி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. அவர் வீட்டிலும் மார்கழியில் பொருள் வெளியே அனுப்ப மாட்டார்கள், என் மனைவியும் மார்கழியில் எதையும் உள்ளே விட மாட்டாள். "வாங்கணும்னா வாங்கித் தொலை. தை பொறக்காம மட்டும் எடுத்தாந்துடாத" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பொங்கல் கழிந்து எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம்.

அந்த மார்கழி எனக்கு நீளமான மாதம். கடைக்குப் பின்னால் கிடந்த பழைய மோட்டார் கூடுகளை எல்லாம் காயலான் கடைக்குப் போட்டு ஷெட்டைக் காலி செய்தேன். மழை ஒழுகாமல் இருக்கத் தகரத்தை மாற்றினேன். தரைக்கு சிமென்ட் பூசினேன். ஒரு டியூப் லைட் மாட்டினேன், அது சரியாக எங்கே வெளிச்சம் விழ வேண்டும் என்று ஏணியில் ஏறி மூன்று தடவை இடம் மாற்றினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "வண்டிக்கா கட்டற, மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். காலையில் பஜாரில் நாஷ்டா சாப்பிடும்போது, சட்னியில் தோய்ந்த என் விரல் நுனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சர்வர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காது கேட்கும். இப்படி ஓர் ஏக்கம் ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுஷனுக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அப்பா ஊரில் இருக்கிறார், பொங்கலுக்குப் போனால் பார்க்கலாம் என்கிற மாதிரி இருந்தது. சென்னைப் பட்டறையில் வேலை பார்த்த நாட்களில் இப்படித்தான் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் நானும் மனைவியும் போனோம். வண்டியை ஏற்றிக்கொண்டு வர ஒரு டெம்போவைப் பின்னால் வரச் சொல்லியிருந்தேன். மனைவி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். திட்டினாளே தவிர, அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பெரிய வீட்டு வாசலில் நடுவாக ஒரு கார் நின்றது. சின்னவருக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எண்ணி ஒதுங்கி நடந்தேன். "யோவ், எங்க போற? இதான்யா உன் வண்டி!" என்று சின்னவர் கத்தினார்.

பச்சை. கிளி மாதிரி பச்சை. வெயிலில் கண் கூசியது. நான்கு டயரும் புதுசு. சீட்டுக்கு ரெக்சின் தைத்துப் போட்டிருந்தார்கள். முன்னால் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. கொட்டகையில் நின்ற மாடுகளின் கொம்பிலும் அதே பச்சை, மிச்சப் பெயிண்டை வீணாக்காமல் அடித்திருந்தார்கள். மனைவி, "அய்ய, எவ்ளோ அழகா கீது!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

நான் நேராக பானட்டிடம் போனேன். போகும்போதே ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன், முழங்கை தேய்த்த இடம் இல்லை. பானட்டைத் தூக்கினேன். சத்தமே இல்லாமல் திறந்தது. உள்ளே கண்ணாடி மாதிரி கறுப்பு. என் முகம் அதில் தெரிந்தது.

சின்னவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் முழுக்கச் சந்தோஷம். வேண்டுமென்றே செய்திருந்தால் அடித்திருக்கலாம். அந்த முகத்தை என்ன செய்வது?

"நீ சொன்ன கொற ஒண்ணு வுடாம பாத்துட்டேன். அந்தக் காவிதான் பேஜாரு. பெயிண்டர், அது மேலயே அடிச்சிட்டுப் போறேன்னான். நான் ஒத்துக்கலையே. நாளைக்கு நீ தொறந்தா பொட்டுப் பொட்டா மேடு தெரியும், இன்னாடா இப்டி ஏமாத்திட்டான்னு நெனப்ப. நானே உக்காந்து எமரி பேப்பர் போட்டுத் தேச்சேன். ரெண்டு நாளு. பாரு, ஒரு புள்ளி தெரியுதா?"

கையால் தடவிப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. அவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்திருந்தார். இங்கிருந்து அங்குவரை வழுவழுவென்று இருந்தது. இரண்டு தடவை வந்தேனே, சட்டைப் பையில் போன் இருந்ததே, ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா என்று அப்போதுதான் தோன்றியது. எத்தனை பொட்டு என்றாவது எண்ணியிருக்கலாம். நாள் முழுக்கச் சுற்று எண்ணுகிறவன், அதை எண்ணவில்லை. எப்படியும் என் வீட்டுக்கு வரப்போகிறது, நிதானமாக எண்ணலாம் என்று விட்டுவிட்டேன்.

"இன்னாய்யா, புடிக்கலியா?" என்றார் சின்னவர்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "இன்னா ஆச்சி உனுக்கு?"

"அது எங்க நைனா விரலு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ஒவ்வொரு வாட்டி ஆயில் மாத்தும்போதும் நைனா வெச்ச பொட்டுங்க அது. கைரேகையோட இருந்துச்சி. அதுக்குத்தான் இந்த வண்டியக் கேட்டேன்."

சின்னவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். எமரி தேய்த்து அவருக்கும் விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது.

"மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார். "சொல்லி இருந்தா அந்த பானட்ட மட்டும் கழட்டி சும்மாவே குடுத்திருப்பேனே."

கொடுத்திருப்பார். அது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து சும்மா வந்தவை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பழைய வேட்டி, மிஞ்சிய பலகாரம், பெரியவர் போட்டுக் கழித்த செருப்பு. எல்லாவற்றையும் அப்பா இரண்டு கையாலும் வாங்குவார். நான் ஒற்றைக் கையால் பணத்தை நீட்டி வாங்க ஆசைப்பட்டேன். அந்த ஆசை பெரிதா, அப்பாவின் விரல் பெரிதா என்று யாராவது என்னை உட்காரவைத்துக் கேட்டிருந்தால் தப்பில்லாமல் பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"தெரியாம பண்ணிட்டேன்பா. ஒரு ரூபா வேணாம். அட்வான்சையும் வாங்கிக்க, வண்டியையும் எடுத்துக்கினு போ" என்று சின்னவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வெளியே டெம்போ வந்து ஹாரன் அடித்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன முடிவு சொன்னாலும் சரி என்கிற மாதிரி.

எங்கள் வீட்டில் யாரும் அந்த வாசலில் நின்று எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், அவ்வளவுதான். அப்பா கேட்டதில்லை, அம்மா கேட்டதில்லை. நான் வாங்க வந்தபோதுகூடக் கேட்கவில்லை, குறைதான் சொன்னேன்.

"வண்டி வேணாங்க" என்றேன். அவர் கையை விடவில்லை. "வேற இன்னா வேணும் சொல்லு, இன்னா வேணும்னாலும் சொல்லு" என்றார்.

"எனுக்கு எங்க நைனா வேணும்" என்றேன்.